அந்தப் பதினைந்து நாள்

சித்தியின் நோய்க்கு நேரம் உண்டு. விடியற்காலை மூன்றரைக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும், அதற்கப்புறம் தூக்கம் கிடையாது. கொல்லைப் படியில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஏழு மணிக்கு யாராவது முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி முன்னால் வைப்பார்கள். எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் கையில் அதே முதல் வெங்காயம் இருக்கும், மேல்தோல் பாதி கிழிந்தபடி. கட்டைவிரல் நகம் தோலுக்கடியில் நுழைந்து அங்கேயே நின்றிருக்கும். கூப்பிட்டால் தலை திரும்புவதற்கே நேரம் பிடிக்கும். பதினொரு மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவாள். விளக்கு வைக்கும் நேரத்தில் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு, வாசலில் விளையாடும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசுவாள். ராத்திரி ரசம்கூட அவள் கையால்தான்.

வீட்டில் இதுதான் யாருக்கும் விளங்கவில்லை. "சாயங்காலமெல்லாம் நல்லாத்தானே இருக்கா? வேலை செய்யற நேரத்துக்குத்தான் நோய் வருமா?" என்று பாட்டி கேட்பாள். பாட்டிக்கு மருமகள்மேல் வன்மம் கிடையாது. கண்ணால் பார்த்ததை வைத்துக் கேட்டாள். காய்ச்சல் என்றால் உடம்பு சுடும், கால் முறிந்தால் நாள் முழுக்க வலிக்கும். காலையில் கல்லாகி மாலையில் மனுஷியாகிற நோயை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைத்தது பல வருஷம் கழித்து, மருந்தியல் படிக்கப் போன இடத்தில். சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனுக்கு ஒரு நாள்கணக்கு உண்டு. நள்ளிரவையொட்டி அடிமட்டத்துக்கு இறங்கும். விடியும் முன்பே ஏறத் தொடங்கும், எழுந்த சற்று நேரத்தில் உச்சியைத் தொடும். மேலிருந்து இதை நடத்துவது மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும். ரத்தத்தில் கார்ட்டிசால் போதுமான அளவு வந்ததும், அதுவே மூளைக்குப் போய்ச் சுரப்பை நிறுத்தச் சொல்லும். கடுமையான மனச்சோர்வில் பலருக்கு இந்தத் தடுப்பு பிடிப்பதில்லை. ராத்திரியிலும் கார்ட்டிசால் இறங்க மறுக்கிறது. அமெரிக்காவில் பெர்னார்ட் கரோல் 1981இல் இதை ஒரு சோதனையாகவே முன்வைத்தார். ராத்திரி பதினொரு மணிக்கு, கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் டெக்ஸாமெதசோனை ஒரு மில்லிகிராம் கொடுத்துவிட்டு, மறுநாள் கார்ட்டிசால் இறங்கியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கு இறங்கும். சித்தியைப் போலக் காலையில் உறைந்து போகிறவர்களில் நிறையப் பேருக்கு இறங்கவில்லை. வேறு பல உடல்நலக் கோளாறுகளிலும் அதே விடை வந்ததால், நோயைத் தீர்மானிக்கும் சோதனையாக அது நிலைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்த அன்று எனக்குப் பாட்டியின் குரல்தான் கேட்டது. விடியலுக்கு முன் விழிப்பு, காலையில் மோசம், மாலையில் தெளிவு, கைகால் மந்தம். சித்தி வேலைக்குப் பயந்து போட்ட நாடகம் என்று வீடு சந்தேகப்பட்ட எல்லாமே பாடப்புத்தகத்தில் வரிசையாக இருந்தன.

ஒரு சிவராத்திரி ஞாபகம் வருகிறது. மாயூரநாதர் கோயிலில் நாலு கால பூஜைக்கும் பாட்டி சித்தியை இழுத்துக்கொண்டு போயிருந்தாள். ராத்திரி பூராவும் கண் மூடவில்லை. விடிந்து வீட்டுக்கு வந்த சித்தி யாரும் சொல்லாமலே வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள், எனக்குப் பின்னல் போட்டுவிட்டாள். சுவாமி கண் திறந்துவிட்டார் என்று பாட்டி அழுதே விட்டாள். மத்தியானம் சித்தி அசந்து தூங்கி எழுந்தாள். எழுந்தபோது பழையபடி ஆகியிருந்தாள். வீடே இடிந்து போயிற்று.

இதற்கும் மருத்துவ இலக்கியத்தில் இடம் உண்டு. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தால், மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மறுநாள் மனம் தெளிகிறது. அடுத்த தூக்கத்தோடு அது போய்விடுகிறது. 1970களிலிருந்து ஜெர்மானிய மருத்துவர்கள் இதை முறையாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இதை வைத்தியமாக நீட்டுவது கடினம். இருமுனைக் கோளாறு உள்ளவர்களைத் தூக்கமின்மை எதிர்முனைக்கு, அதாவது உன்மத்தத்துக்குத் தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. ஆனால் அந்த ஒரு காலை எனக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தது. அத்தனை கனமான நோய் சில மணி நேரத்துக்கு முழுசாக விலக முடிகிறது. அப்படியானால் மூளையில் எதுவும் அழிந்து போய்விடவில்லை. உள்ளே இருக்கிற சித்தி உள்ளேயேதான் இருக்கிறாள்.

அப்பா மாயவரத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்குப் போய்விடுவேன். சீட்டைக் கையில் வாங்கினதுமே அப்பாவின் குரல் மாறுவதை வைத்து, வந்தவருக்கு என்ன நோய் என்று பாதி யூகித்துவிடுவேன். அமிட்ரிப்டிலின் எழுதிய சீட்டு வந்தால் மற்ற வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டு, கடைசியாக அவரைக் கூப்பிடுவார். அட்டையின் பின்பக்கம் பேனாவால் தேதி போடுவார். அன்றைய தேதி ஒன்று, பதினைந்து நாள் தள்ளி இன்னொன்று. "இந்தத் தேதி வரைக்கும் ஒண்ணுமே ஆகாத மாதிரிதான் இருக்கும். வாய் காயும், மலச்சிக்கல் வரும், பகல்ல தூக்கம் தூக்கமா வரும். அதைப் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க" என்பார். வயல்காரர்கள் வந்தால், "உரம் போட்ட அன்னைக்கே கதிர் வருமா?" என்று கேட்பார். அவர்களுக்கு அது போதும்.

அப்பா டி.பார்ம். படித்தவர், அவ்வளவுதான். ஆனால் மனச்சோர்வு உயிரியலின் நடுநாயகமான புதிரை அந்த இரண்டு தேதிகளில் வைத்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. மாத்திரையின் தொந்தரவு முதல் நாளே வருகிறது. பலன் வர வாரங்கள் ஆகின்றன. இடைப்பட்ட அந்த நாள்களில் மூளையில் என்ன நடக்கிறது?

புதிரின் தொடக்கம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. பெரியப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு. அந்தக் காலத்து ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் பலவற்றில் ரிசர்பின் கலந்திருக்கும். ரிசர்பின் சர்ப்பகந்தியின் வேரிலிருந்து வந்தது. பித்துப் பிடித்தவர்களுக்கும் தூக்கமில்லாதவர்களுக்கும் நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்து வந்த வேர். 1931இல் கொல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், அது ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது, மனம் பேதலித்தவர்களையும் அமைதிப்படுத்துகிறது என்று எழுதினார்கள். மும்பையின் ருஸ்தம் ஜால் வக்கீல் தன் நோயாளிகளிடம் கண்ட பலனை 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகுதான் மேற்கு நாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ரிசர்பின் தனியாகப் பிரிக்கப்பட்டது.

மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் பெரியப்பா பேச்சைக் குறைத்தார். வெற்றிலைச் செல்லம் திறக்கப்படவில்லை, உள்ளே வெற்றிலை சருகாகியது. வைத்தியர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஒரு மழைக்காலம் போவதற்குள் பெரியப்பா மறுபடியும் திண்ணையில் பேப்பரை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மாத்திரைதான் காரணமா, அந்த வருஷம் அவருக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதும் சேர்ந்ததா என்று ஒரே ஒரு மனிதரை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதே மாதிரி கதைகள் வேறு நாடுகளிலிருந்தும் வந்தன. ரிசர்பினை நீண்ட நாள், அதிக அளவில் சாப்பிட்டவர்களில் சிலர் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரைஸ் 1954இல் எழுதினார். அடுத்த வருஷம் பெத்தஸ்டாவில் பெர்னார்ட் பிரோடியின் குழு, ரிசர்பின் கொடுத்தால் உடலில் செரோட்டோனின் இருப்பு காலியாகிறது என்று காட்டியது. சுவீடனில் ஆர்வித் கார்ல்சன் ரிசர்பின் கொடுத்த முயல்கள் காதுகூட அசைக்காமல் கிடந்தன. டோப்பமினாக மாறும் எல்-டோபாவை ஊசியில் போட்டதும் எழுந்து நடந்தன. டோப்பமினின் வேலை அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2000இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

வேர் ரசாயனத்தைக் காலி செய்கிறது, மனிதர் சோர்ந்து போகிறார். ஆகவே சோர்வு என்றால் ரசாயனக் குறைவு. இந்தக் கணக்கு எவ்வளவு இயல்பாக மனதில் வந்து உட்கார்கிறது! ஆனால் அதே 1955இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிஸும் ஷெப்பர்டும், பதற்றமும் சோர்வும் கலந்த நோயாளிகளுக்கு ரிசர்பின் கொடுத்துப் பார்த்து, அது அவர்களுக்குக் குணம் தருகிறது என்று எழுதினார்கள். கணக்குக்குப் பொருந்தாத விடை. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிற்பாடு மருந்தியல் ஆசிரியையாகி வகுப்பில் ரிசர்பின் நடத்தும்போதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே நடத்தினேன். ஒன்றை மட்டும் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்று எனக்குப் படும்.

மறுபக்கத்துச் சாட்சியும் தற்செயலாகவே வந்தது. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், சீ வியூ காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியாஸிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் ஓட்டையோடு படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து வார்டில் சிரித்து ஆடுகிற படங்கள் பத்திரிகைகளில் வந்தன. நார்அட்ரினலின், செரோட்டோனின் இரண்டையும் சிதைக்கும் மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற நொதியை அந்த மருந்து தடுக்கிறது என்பதும் அந்த வருஷமே தெரிந்தது. சோர்வுக்கென்றே அதைக் கொடுக்கலாம் என்று 1957இல் நேதன் கிளைன் காட்டினார். மஞ்சள்காமாலை வந்ததால் பிற்பாடு அது பல நாடுகளில் கைவிடப்பட்டது.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில், மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனச்சிதைவுக்கு உதவுமா என்று பார்க்க அனுப்பப்பட்ட, ஜி 22355 என்று எண் மட்டுமே இருந்த மருந்து. மனச்சிதைவுக்கு அது உதவவில்லை. 1956 ஜனவரியில், கடும் சோர்விலிருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார், அவர் தேறினார். இமிப்ரமின் பிறந்த கதை அது. 1957 செப்டம்பரில் சூரிச்சில் நடந்த உலக மனநல மருத்துவ மாநாட்டில் கூன் இதைப் பற்றிப் பேசியபோது அரங்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்களாம். கூனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடும். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சைக் கேட்டு, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவர். அவரிடம் ஸ்கேன் இல்லை, ரத்தச் சோதனை இல்லை.

இந்த இழைகளை எல்லாம் சேர்த்து 1965இல் ஜோசஃப் ஷில்ட்க்ராட் நார்அட்ரினலின் குறைவுதான் சோர்வுக்கு அடிப்படை என்ற கருதுகோளை எழுதினார். இரண்டு வருஷம் கழித்து அலெக் கோப்பன் செரோட்டோனின் பக்கம் கையைக் காட்டினார். 1987 டிசம்பரில் அமெரிக்காவில் ஃபுளூஆக்ஸெட்டினுக்கு அனுமதி கிடைத்தது. பிறகு உலகம் முழுக்கக் கிளினிக்குகளில் ஒரே வாக்கியம்: உங்கள் மூளையில் செரோட்டோனின் குறைந்துவிட்டது. அந்த வாக்கியம் பல வீடுகளில் பழியைத் துடைத்தது. சித்தி காலத்தில் அது இருந்திருந்தால் பாட்டியின் வாயை அடைத்திருக்கும். அதனால் அதன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

ஆனாலும் 2022 ஜூலையில், லண்டனின் ஜோஆனா மோன்கிரீஃபும் சகாக்களும், செரோட்டோனின் குறைவால்தான் சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று பழைய ஆய்வுகளைத் திரட்டிக் காட்டியபோது, என் கைபேசி ஓயவில்லை. பழைய மாணவர்கள், உறவுக்காரர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள். "அப்ப இத்தனை நாள் சாப்பிட்டதெல்லாம் பொய்யா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் குரலில் இருந்த பயம் என்னை உலுக்கிவிட்டது. காரணம் பற்றிய கதை ஒன்று, மருந்து வேலை செய்கிறதா என்பது வேறொன்று. காய்ச்சல் வந்தவருக்குப் பாரசிட்டமால் குறைந்துபோய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் பாரசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கிறது. நான் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதே, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய்ப் பேசு.

உண்மையில், குறைவுக் கதை பொருந்தாது என்பதை அப்பாவின் இரண்டு தேதிகளே காட்டிக் கொடுத்திருந்தன. மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே நரம்பணுக்களுக்கு நடுவே செரோட்டோனின் உயர்கிறது. குறைந்ததை நிரப்புவதுதான் வேலை என்றால், மாத்திரை தொடங்கிய அன்று மாலையே சித்தி சிரித்திருக்க வேண்டும்.

காத்திருப்புக்கு ஒரு விளக்கம் இப்படி. செரோட்டோனின் தயாரிக்கும் நரம்பணுக்கள் மூளைத்தண்டின் நடுக்கோட்டில், ராஃபே என்ற கொத்துகளில் இருக்கின்றன. மூளையின் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்களில் இவை சில லட்சம்தான். ஆனால் கிளைகள் மூளை முழுக்கப் போகின்றன. இவற்றின் மேலேயே செரோட்டோனினை அளக்கும் உணர்விகள் உண்டு. மாத்திரையால் அளவு உயர்ந்ததும் அந்த உணர்விகள், போதும், நிறுத்து என்கின்றன. நரம்பணு வேகத்தைக் குறைக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் உணர்விகள் மழுங்கிய பிறகுதான் நரம்பணு பழைய வேகத்துக்குத் திரும்புகிறது.

இன்னொரு விளக்கம் வளர்ச்சியைப் பற்றியது. ஞாபகத்துக்கும் மனஅழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் முக்கியமான ஹிப்போகேம்பஸ், திரும்பத் திரும்பச் சோர்வு கண்ட பெண்களிடம் சிறுத்திருக்கிறது என்று 1996இல் இவெட் ஷெலின் காட்டினார். 2016இல் பல நாடுகளின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் சராசரியாக 1.24 சதவீதம்தான் என்று தெரிந்தது. தனி ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து நோயைச் சொல்ல அது போதாது. நீண்ட நாள் கார்ட்டிசால் வெள்ளத்தில் அங்குள்ள நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குவதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள், பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிப் புரதமும் குறைகிறது. சோர்வு மருந்துகள் அந்தப் புரதத்தின் ஏற்பியிலேயே நேராகப் போய் ஒட்டுகின்றன என்று ஹெல்சிங்கியில் ஈரோ காஸ்ட்ரேனின் குழு 2021இல் எழுதியது. அதற்கு முன்பே, 2003இல், நியூயார்க்கில் ரெனே ஹென்னின் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் ஹிப்போகேம்பஸில் கதிர்வீச்சால் புது நரம்பணுக்கள் பிறப்பதைத் தடுத்தார்கள். ஃபுளூஆக்ஸெட்டின் அந்த எலிகளின் நடத்தையை மாற்றவில்லை. புது நரம்பணு பிறந்து முதிர வாரங்கள் ஆகும். வளர்ந்த மனிதர்களின் மூளையில் அப்படிப் பிறக்கிறதா என்பதில் மட்டும் ஆய்வாளர்கள் இன்னும் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் ஆக்ஸ்ஃபோர்டின் கேத்தரின் ஹார்மருடையது. கணினித் திரையில் முகங்களைக் காட்டுவார்கள். சலனமில்லாத முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்புக்கோ பயத்துக்கோ கோபத்துக்கோ மாறும். சோர்வில் இருப்பவர்கள் லேசான சிரிப்பைத் தவறவிடுகிறார்கள். ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தாலே, சில மணி நேரத்துக்குள் சிரித்த முகங்களை அடையாளம் காண்பது கூடுகிறது. அவர்களையே கேட்டால் மனம் அப்படியேதான் இருக்கிறது என்கிறார்கள். அதாவது, மருந்து முதலில் பார்வையைத் திருத்துகிறது. பிறகு அந்த மனிதர் வீட்டுக்குப் போய், தெருவில் நடந்து, நாலு பேர் முகத்தைப் பார்த்து, மெல்ல மெல்லப் புதுசாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் வாரங்கள். இதைப் படித்தபோது வாசலில் விளையாடிய பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். கொல்லைப் படியிலிருந்து சித்தியை வாசலுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தது அப்பாதான். சித்தியின் மருந்துச் சீட்டில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

சித்திக்கு முதல் முறை வந்தது இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு. கர்ப்ப காலத்தில் புரொஜெஸ்டரோனிலிருந்து அலோபிரெக்னனலோன் என்ற பொருள் உடலில் நிறைய உருவாகும்; மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளுக்கு அது துணை. பிரசவம் ஆனதும் அது சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கத்தைத் தாங்க முடியாத மூளைகள் உண்டு. அதே பொருளை 60 மணி நேரம் டிரிப்பில் ஏற்றும் வைத்தியத்துக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதன் வழியில் வந்த மாத்திரைக்கு 2023இல். சித்தியின் அம்மாவுக்கும் இதே நோய் இருந்திருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கல்யாணம் நடந்திருக்காது. இரட்டையர் ஆய்வுகளின்படி மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு 37 சதவீதம் அளவு. எந்த மரபணு என்று தேடினால் ஒன்றும் தனியாக நிற்பதில்லை. 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 102 சிறு வேறுபாடுகள் கிடைத்தன, ஒவ்வொன்றின் பங்கும் துளி. மீதியை வாழ்க்கை சேர்க்கிறது.

அப்பாவின் கடைக்கு, இருமுனைக் கோளாறுக்கான லித்தியம் வாங்க ஒரு வாத்தியார் வருவார். சீட்டோடு லேப் காகிதமும் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டுவார். ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்ற எண் அதில் இருக்கும். பெரும்பாலும் 0.6லிருந்து 1.0க்குள் நிற்க வேண்டும். கத்திரி வெயிலில் அப்பா அவரை விடமாட்டார்: மோரில் உப்புப் போட்டுக் குடிங்க, வயிற்றுப்போக்கு வந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க, மூட்டுவலிக்கு நீங்களா மாத்திரை வாங்கிப் போடாதீங்க. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைத் தேக்கிவிடும், விஷமாகிவிடும். மெல்போர்ன் அருகே பண்டூராவில் ஜான் கேட் உன்மத்த நிலையில் இருந்த பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்து 1949இல் எழுதிய அதே எளிய உப்புதான். வாத்தியார் கடைசி வரை பள்ளிக்கூடம் நடத்தினார். லித்தியம் எப்படி வேலை செய்கிறது என்று இன்றுவரை ஒரே குரலில் சொல்ல முடியவில்லை; ஆனால் வாத்தியார் நின்றார்.

காத்திருப்பே இல்லாத மருந்து வந்துவிட்டதா? கெட்டமின் நம் அறுவை அரங்குகளில் பழைய மயக்க மருந்து. அதைக் குறைந்த அளவில் டிரிப்பில் ஏற்றினால் சோர்வு விலகுகிறது என்று யேல் பல்கலைக்கழகத்தில் ஏழு நோயாளிகளை வைத்து 2000இல் எழுதினார்கள். 2006இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் சராட்டேயின் குழு, வேறு மருந்துகள் கைவிட்டவர்களுக்கே இரண்டு மணி நேரத்துக்குள் மாற்றம் தெரிவதைக் காட்டியது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றரை மணிக்குக் கொல்லைப் படியில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, காலைப் பலகாரத்துக்குள் எழுந்துவிட முடியும் என்றால்! ஆனால் பலன் பலருக்கு ஒரு வாரம் போல்தான் நின்றது. ஏன் என்பதற்கு ஒரு தடயம் 2019இல் கானர் லிஸ்டனின் ஆய்வுக்கூடத்து எலிகளிடம் கிடைத்தது. எலிகளின் நடத்தை முதலில் மாறியது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைய உதவும் சிறு முட்கள், இழந்தவை, முன்மூளையில் அதற்குப் பிறகே முளைத்தன. முளைத்தவற்றை மட்டும் அழித்துவிட்டால் குணம் நீடிக்கவில்லை. சிவராத்திரிக் காலை மாதிரி நோய் விலகுவதற்கு மணி நேரம் போதும், விலகினது விலகியே இருக்க இணைப்புகள் வளர வேண்டும்.

டொரொன்டோவில் ஹெலன் மேபெர்க் செய்ததும் இதோடு சேரும். மூளையின் நடுப்பகுதியில், 25ஆம் பகுதி என்று எண்ணிட்ட சின்ன இடம், சோகத்தில் மும்முரமாக இயங்குவதைப் பார்த்திருந்தார். எதற்கும் மசியாத ஆறு நோயாளிகளுக்கு அங்கே மின்முனை வைத்ததை 2005இல் வெளியிட்டார். அறுவை மேஜையிலேயே, மின்சாரம் பாய்ந்ததும், சிலருக்குத் திடீரென்று அமைதி வந்தது. அறையின் நிறங்கள் துலங்கின. ஆறு மாதத்தில் நாலு பேர் தேறினார்கள். பிறகு 90 பேரை வைத்துப் பெரிய சோதனை. பாதியில் நின்றது, ஆறு மாதத்தில் மின்சாரம் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று. அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மின்முனையை எடுக்காமல் தொடர்ந்தவர்களை இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறையப் பாதிப் பேர் தேறியிருந்தார்கள். சரியான இடத்தைத் தொட்ட பிறகும் மூளை தன் நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

சித்தி தேறினாள். நோய் பிறகும் சில தடவை வந்தது, ஒவ்வொரு தடவையும் போயிற்று. பிள்ளைகளைக் கரையேற்றினாள், பேரன் பேத்தி பார்த்தாள்.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண் தன் மகனைப் பற்றிச் சொல்ல வந்தாள். கல்லூரி இரண்டாம் வருஷம். டாக்டர் எஸ்சிட்டலோபிராம் எழுதியிருக்கிறார். அட்டையை என் கையில் கொடுத்தாள். நான் பேனாவை எடுத்துப் பின்பக்கம் இரண்டு தேதி எழுதினேன். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களை ஆரம்ப வாரங்களில் தனியாக விடக் கூடாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அமெரிக்காவில் 2004இல் சிறுவர்களுக்கென்று மருந்துக் குறிப்பில் வந்த அந்த எச்சரிக்கை, 2007இல் 24 வயது வரை நீண்டது. மனம் தெளிவதற்கு முன் கைகாலில் தெம்பு வந்துவிடும், அந்த நாள்களில் சாவைப் பற்றிப் பேசினால், பேசாமல் பொருள்களைக் கொடுத்துக் கணக்குத் தீர்த்தால், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். தேறின பிறகும் ஆறு மாதமாவது மாத்திரை தொடரும் என்றேன். அவள் எல்லாவற்றையும் கைபேசியில் பதிவு செய்துகொண்டாள்.

பத்தாவது நாள் போன் வந்தது. "அக்கா, இன்னும் சிரிக்கவே இல்லை அவன். யார்கிட்டயும் பேசவும் இல்லை."

"தூங்கறானா?"

"நேத்து அஞ்சரை வரைக்கும் தூங்கினான். முன்னல்லாம் மூணு மணிக்கே முழிச்சுக்குவான்."

"சாப்பாடு?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "மத்தியானம் சாம்பார்ல உப்பு இல்லைன்னு சொன்னான் அக்கா. அது ஒண்ணுதான் பேசினது."

"அதையும் தூக்கத்தையும் ஒரு காகிதத்துல தேதி போட்டு எழுதிக்கோ. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போறப்ப மறக்காம காட்டு" என்றேன்.